கடைசிச் சரணம் நான்கு குரல் அல்ல
‘ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்’ என்ற கிறிஸ்துமஸ் பாடலின் கடைசிச் சரணத்தில், ‘வேர்ட் ஆஃப் த ஃபாதர்’ என்ற இடத்தில் சிலிர்க்க வைக்கும் அந்த கார்டை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரத் தொகுப்பு) பாடகர் குழு நான்கு குரலில் பாடுவதாக, இந்தப் பாடலைப் பற்றி மேலே உள்ள கட்டுரை சொல்கிறது. இந்தப் பாடலைப் பாடகர் குழுவுக்கும் ஆர்கனுக்குமாக அமைத்த ஆங்கிலேய இசைஞர் டேவிட் வில்காக்ஸ் எழுதியது அப்படியில்லை. 1961இல் வந்த ‘கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்’ முதல் தொகுதியில் அந்தச் சரணம் முழுக்க யூனிசன், அதாவது எல்லாரும் மெட்டைத்தான் பாடுகிறார்கள். ‘ஹாஃப் டிமினிஷ்ட் செவன்த்’ எனப்படும் அந்த கார்டு முழுவதும் ஆர்கனில்தான் இருக்கிறது. பல குழுக்கள் சறுக்குவதும் இங்கேதான்: மெட்டைப் பாடும் சோப்ரானோவுக்குக் கீழ்க் குரல்களான ஆல்ட்டோ, டெனர், பேஸ் மூவரும் முதல் சரணத்தில் பாடிய ஹார்மனியைப் பழக்கதோஷத்தில் பாடிவிடுவார்கள். அது ஆர்கனின் புது ஹார்மனியோடு மோதும். கேட்பவருக்கு ஏதோ சுருதி விலகியது போலத்தான் தெரியும். தாளில் அந்தப் பக்கத்தின் மேலேயே ‘யூனிசன்’ என்று பென்சிலில் பெரிதாக எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆர்கன் இல்லாவிட்டால் கீபோர்டே போதும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். போதும்தான், ஆனால் ஆர்கனில் காலால் அடி ஸ்வரங்களை வாசிக்கும் பெடல் அதில் இல்லாததால் இடது கை பேஸ் ஸ்வரத்தை ஆக்டேவாக இரட்டித்து வாசிக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த கார்டு அந்தரத்தில் தொங்கும். ‘சிங், கொயர்ஸ் ஆஃப் ஏஞ்சல்ஸ்’ சரணத்தில் மெட்டுக்கு மேலே தனியாகப் பாடும் டெஸ்கன்டுக்கு எல்லா சோப்ரானோக்களையும் ஏற்றிவிடாதீர்கள். சபையார் சேர்ந்து பாடாத கச்சேரி என்றால் பாதிப் பேராவது மெட்டிலேயே நிற்கட்டும். மெட்டு அமுங்கினால் டெஸ்கன்ட் வெறும் கீச்சுக்குரல்தான்.