ஒரே சீட்டு, மூணு பேரோல்

நேத்து நைட்டு சித்தப்பா பையன் போன் பண்ணான். "அண்ணே, பேங்க் ப்ராஜெக்ட்ல கான்ட்ராக்ட் ஒண்ணு வந்திருக்கு, இப்ப வாங்குறதுக்கு மேல 30% தர்றாங்களாம், போகட்டுமா?"ன்னு. போடான்னும் சொல்ல வரல, வேணாம்டான்னும் சொல்ல வரல. ஏன்னா நானே ஓஎம்ஆர்ல ஒரு வெளிநாட்டு பேங்க்குக்கு 6 வருஷமா அப்படித்தான் உக்காந்திருக்கேன்.

6 வருஷமும் ஒரே சீட்டு, ஒரே மேனேஜர், அதே பேமென்ட்ஸ் அப்ளிகேஷன். மாறுனது பேரோல் கம்பெனி, அதாவது என்னைய ஆளா எடுத்து சம்பளம் போடுற கம்பெனி மட்டும்தான், இது மூணாவது. ஒவ்வொரு தடவையும் ரிசைன் பண்ற மாதிரி ஒரு கையெழுத்து, புதுசா சேர்ற மாதிரி ஒரு கையெழுத்து, பத்தாங்கிளாஸ் மார்க்‌ஷீட்டுல இருந்து திரும்ப வெரிஃபிகேஷன். சும்மா பேப்பர் வேலைன்னு நெனச்சேன். வேலைய விட்டுப் போறப்ப மொத்தமா தர்ற கிராஜுவிட்டிக்கு ஒரே முதலாளிகிட்ட 5 வருஷம் இருக்கணுமாம், எனக்கு எவன்கிட்டயுமே 5 வருஷம் ஆகல. கணக்கு போட்டா கிட்டத்தட்ட மூணரை மாச பேசிக் சம்பளம் போச்சு. இதுல கூத்து என்னன்னா, கைக்கு வராத அந்த கிராஜுவிட்டியையும் பேசிக்ல 4.81%னு சிடிசில, அதாவது கம்பெனி எனக்குப் பண்ற மொத்த செலவுக் கணக்குல எழுதித்தான் ஆஃபர் லெட்டரே குடுத்தாங்க!

2025 நவம்பர் 21 புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டம்) வந்துச்சு, இத்தன நாளுக்குன்னு நேரடியா எடுக்குற ஃபிக்ஸட் டெர்ம் ஆளுக்கு 1 வருஷத்துலயே கிராஜுவிட்டின்னு. மறுநாள் பேங்க்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்ப மெசேஜ் போடுற ஸ்விஃப்ட்ல பழைய எம்டி ஃபார்மட் பேமென்ட் மெசேஜ் நிக்கிற நாள், இனி எல்லாம் ஐஎஸ்ஓ 20022ங்கிற புது ஃபார்மட்தான், டீம் மொத்தமும் ஆபீஸ்ல கண்ணு முழிச்சு உக்காந்திருந்தோம், டீ குடிக்கிற கேப்ல இந்த நியூஸ படிச்சுட்டு ஒருத்தன் விசிலே அடிச்சான். அவனுக்கு அடுத்து வந்த ஆஃபர் 11 மாசம். வேலையாடா இது, வாடகை வீட்டு அக்ரிமென்ட்டா? அந்த வீக்கெண்டுக்கு பர்மனென்ட் ஆளுங்களுக்கு காம்ப் ஆஃப், அதாவது பதிலுக்கு லீவு வந்துச்சு. எங்களுக்கு தேங்க்ஸ் மெயில்.

அந்த 30%க்கு வரேன். கம்பெனி கட்ட வேண்டிய பிஎஃப் பங்கும் அதுக்குள்ளயே இருக்கும், மாசம் 1,800. போனஸ் கிடையாது. அப்பா அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. டிசம்பர்ல சாஃப்ட்வேர்ல கை வைக்கக் கூடாதுன்னு கோட் ஃப்ரீஸ், வேலை இல்லன்னு ரெண்டு வாரம் ஃபர்லோன்னு கட்டாய லீவு போட்டு சம்பளத்தையும் நிறுத்திடுவாங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப பர்ஸு காத்தாடும். இதெல்லாம் கழிச்சா என் கணக்குல மிஞ்சுறது 10%கிட்ட, அதுவும் நல்ல வருஷத்துல.

சம்பளம் கம்மின்னு அழல. பேங்க் எனக்குன்னு எவ்வளவு குடுக்குதுன்னே தெரியாம வேலை பாக்குறதுதான் எரிச்சல். ஒருதடவ தப்பா ஃபார்வர்ட் ஆன மெயில் ட்ரெயில்ல பாத்தேன், எனக்காக பேங்க்குக்கு மாசம் 2.6 லட்சம் பில். ஆள் சப்ளை பண்ற பெரிய வெண்டர், அவனுக்குக் கீழ ஒரு சின்ன வெண்டர், கடைசில என் அக்கவுண்ட்டுக்கு 1.15 லட்சம். லேப்டாப் பேங்க்கோடது, சீட்டு பேங்க்கோடது, வேலை சொல்றதும் பேங்க்தான். நடுவுல இருக்கவன் பண்றது பேஸ்லிப் அனுப்புறது, அதுவும் லேட்டா.

லண்டன் கேனரி வார்ஃப்ல ஒரு நண்பன் இதே பேங்க் கான்ட்ராக்ட்தான். 2021 ஏப்ரல்ல கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கான ஐஆர்35ங்கிற வரி ரூல் மாறுனதும் சொந்தக் கம்பெனி வெச்சு பில் போட்டவன அம்பர்லான்னு ஒரு நடு கம்பெனி பேரோலுக்குத் தள்ளிட்டாங்க, முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் 15% கூட அவன் ரேட்ல இருந்துதான் போகுதாம். கண்டபடி திட்டுவான். ஆனா அங்க ஏஜென்சி மூலமா வேலைக்கு எடுத்தா எதுல எவ்வளவு புடிப்போம்னு முன்னாடியே ஒரு தாள் குடுக்கணும், 2020ல இருந்து சட்டம். அந்த ஒத்தத் தாள் இங்க இருந்தா பாதி வெண்டர் கடைய மூடிருவான்.

தம்பிகிட்ட மூணு கேள்வி கேக்கச் சொன்னேன். பேங்க்குக்கு போடுற பில் ரேட் என்ன, நடுவுல எத்தனை வெண்டர், ஃபர்லோ எத்தன நாள். கேட்டுருக்கான். ஹெச்ஆர் பொண்ணு "அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் ப்ரோ, மண்டே ஜாயின் பண்ணிருவீங்கல்ல?"னு கேட்டுச்சாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம், பய இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கான்.