மேட்ச் டிக்கெட்டை லேமினேட் பண்ணாதீங்க

லண்டன் கால்பந்து அணியான ஆர்சனலின் பழைய மைதானம் ஹைபரி. அதன் சிவப்பு இருக்கைப் படத்தைப் பகிர்ந்து, "ஒரே ஒரு சீட் வீட்டுக்கு வந்தா போதும்" என்று எழுதும் ஆர்சனல் ரசிகர்கள் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் அதிராம்பட்டினத்திலும் இருக்கிறார்கள். அந்த ஏக்கத்தை யாரும் கேலி செய்யக் கூடாது. 1913 முதல் 93 ஆண்டுகள் ஓர் அணி ஆடிய இடம் அது. 2006 மே 7 அன்று விகன் அணியுடன் கடைசி ஆட்டம், 4-2 வெற்றி. மூன்று கோல் அடித்த தியரி ஹென்றி குனிந்து புல்லை முத்தமிட்டார். லண்டனை வரைபடத்தில் மட்டுமே பார்த்தவருக்கும் அந்தக் காட்சி, தாத்தா கட்டிய வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பது போலத்தான் இருந்திருக்கும்.

ஏக்கம் இருக்கட்டும். அதைத் தாங்கி நிற்பது காகிதமும் துணியும் உலோகமும்தான். டெல்டாவின் ஈரக்காற்று மூன்றையும் தின்னும். அதைவிட வேகமாகத் தின்பது, பத்திரப்படுத்துகிறேன் என்று நாமே செய்யும் வேலைகள். அதோடு இன்னொன்று: லண்டன் செங்கல்லுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நம் ஊர் மைதானத்தின் நோட்டீசுக்கும் சுழற்கோப்பைக்கும் நாம் காட்டுவதில்லை. இது சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், பழைய மைதானங்கள் ஏன் போயின என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசையால் மட்டும் இடித்தார்கள் என்று எழுதுவது நியாயமல்ல. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் மரத்தால் ஆன பார்வையாளர் மாடம் எரிந்து 56 பேர் இறந்தார்கள். பலகைகளின் இடுக்கு வழியே கீழே விழுந்து பல காலம் சேர்ந்திருந்த குப்பையில்தான் தீ பிடித்தது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின. அதை விசாரித்து 1990இல் வந்த டெய்லர் அறிக்கைதான் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் படிக்கட்டுகளை எடுத்துவிட்டு எல்லாருக்கும் இருக்கை போட வைத்தது. 1935இல் சண்டர்லாந்து ஆட்டத்துக்கு 73,295 பேர் நின்ற ஹைபரி, இருக்கை போட்டதும் சுமார் 38,000 ஆகச் சுருங்கியது. சுற்றிலும் வீடுகள், கிழக்கு மாடம் பாதுகாக்கப்பட்ட கட்டடம். விரிவாக்க வழியில்லை. இன்று அந்த மாடங்களின் முகப்பு அடுக்குமாடிக் குடியிருப்பாக நிற்கிறது, ஆடுகளம் நடுவில் தோட்டமாக இருக்கிறது. வெஸ்ட் ஹாம் அணியின் அப்டன் பார்க் மைதானம் 2016இல் கடைசி ஆட்டத்தைப் பார்த்தது, பிறகு தரைமட்டம். எவர்ட்டன் அணியின் குடிசன் பார்க்குக்குக் கொடுப்பினை: 1892 முதல் அங்கே ஆடிய ஆண்கள் அணி 2025 மே மாதத்தோடு கிளம்பிவிட்டாலும், அந்த இடம் பெண்கள் அணியின் மைதானமாக உயிரோடு இருக்கிறது. மூன்றிலும் எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்.

இனி கையில் இருக்கும் பொருள்களுக்கு வருவோம். டிக்கெட், மேட்ச் புரோகிராம் (ஆட்ட நாளில் விற்கும் சிறு புத்தகம்), கூப்பன், நோட்டீஸ் எதையும் லேமினேஷன் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். அந்த மெஷின் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றிப் பசையை உருக்கிக் காகித நாரோடு கலக்கிறது. பிறகு பிரிக்க முடியாது. உள்ளே மாட்டிய ஈரமும் அமிலமும் வெளியேறாது. பத்துப் பதினைந்து வருடத்தில் ஓரம் பிரிந்து காகிதம் பழுப்பேறும். தெர்மல் பிரின்டில் வந்த டிக்கெட் என்றால் இன்னும் கொடுமை: சூட்டில் நிறம் மாறுவதுதான் அந்தத் தாளின் வேலையே, மெஷினுக்குள் போனதும் கறுத்துவிடும். தெர்மல் சீட்டு எப்படி வைத்தாலும் மங்கத்தான் செய்யும். வாங்கிய வாரமே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தை இருட்டில் வையுங்கள். ஃபோனில் வரும் கியூஆர் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், ஃபோன் மாறும்போது போய்விடும். பிரின்ட் எடுத்துத் தேதி எழுதி வைத்தால் அதுவும் ஓர் ஆவணம்.

உறை வாங்கும்போது மோந்து பாருங்கள். புது ரெக்சின் வாசனை அடித்தால் அது பிவிசி. நாளாக ஆக அதிலிருந்து எண்ணெய் போல ஒன்று கசிந்து அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும். புரோகிராமை உருவினால் அட்டையின் எழுத்து உறையோடு வரும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். பழைய புரோகிராம்களில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருக்கும். பின்னை நகத்தால் பிடுங்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, இரண்டு காலையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக உருவுங்கள். அந்தத் துளைகள் வழியாகவே வெள்ளைப் பருத்தி நூலால் ஒரு தையல் போட்டால் போதும். கிழிசலுக்கு செல்லோடேப் மட்டும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி ஊறிய கறை எதிலும் போகாது.

நம் பக்கத்தில் பெரிய எதிரி ராமபாணப் பூச்சி, காகிதம் தின்னும் வெள்ளி நிறச் சின்னப் பூச்சி. அதற்குப் பிடித்த சாப்பாடு மாவுச்சத்து. ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கப் போஸ்டரை சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், டோர்னமென்ட் வால்போஸ்டரை மைதாப் பசையில் ஒட்டியிருப்பார்கள். பூச்சிக்கு அது விருந்து. உரித்தெடுத்த போஸ்டரின் பின்பக்கம் பசை இருந்தால், காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் உதிர்வதை மட்டும் உதிர்த்துவிட்டு, மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஜிப் கவரில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். நடுவில் நீண்ட நேரம் கரண்ட் போய் உள்ளே இளகிவிட்டால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த காகிதத்தின் மேலேயே தண்ணீர் கோக்கும்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைக் காத்த முறை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டி வைப்பது. இது பூச்சியை விரட்டும், கொல்லாது. வாசனை போனதும் மாற்ற வேண்டும். முடிச்சு காகிதத்தையோ ஜெர்சியின் பிளாஸ்டிக் எழுத்தையோ தொடக் கூடாது. சுற்றிவைக்கப் புது மல் துணி எடுத்தால் இரண்டு முறை அலசிக் கஞ்சியை முழுக்கப் போக்குங்கள். கஞ்சியும் மாவுச்சத்துதான்.

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறும். சுவரை ஒட்டிய பீரோவில், அதுவும் அடித்தட்டில் காகிதத்தை வைத்தால் பூஞ்சை நிச்சயம். இறுக்கமாக மூடும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். உள்ளே 45 முதல் 55 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் ஆபத்து. நீல நிற ஜெல்லில் நச்சுள்ள கோபால்ட் உப்பு இருப்பதால் ஆரஞ்சு நிற ஜெல்லாக வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உதவும். டப்பாவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். கரையானுக்கும் அதுவே முதல் தடுப்பு.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஓடு பறந்த வீடுகளில் ஆல்பங்களும் சான்றிதழ்களும் ஊறிப் போயின. நனைந்த காகிதத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும். வெயிலில் காயப்போட்டால் நெளியும். அந்த ரோஸ், மஞ்சள், பச்சை நோட்டீஸ் தாள்களின் சாயம் ஓடி அடுத்ததில் ஒட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து, ஃபேன் காற்றில் நிழலில் உலர்த்தி, தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே நாளில் முடியாத அளவு இருந்தால் கட்டாகவே ஃப்ரீசரில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். ஒட்டிக்கொண்ட போட்டோக்களைக் காய்ந்தபின் பிய்க்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிட்டால் பெரும்பாலும் தானே பிரியும்.

ஜெர்சி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். துணி தாங்கும், எழுத்துதான் தாங்காது. பாலியூரித்தேன் எண்களும் ஸ்பான்சர் எழுத்தும் ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும். மடித்து வைத்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, துணி வைத்துச் சுருட்டி வையுங்கள். அந்துருண்டை வேண்டாம், பிளாஸ்டிக்கை இளக்கும். பழைய பூட்ஸின் அடிப்பாகம் திடீரெனத் தூளாக உதிர்வதும் இதே ஈரப்பத வேலைதான். பழைய ஜெர்சி என்று விலை சொன்னால் உள் லேபிளில் உள்ள பொருள் எண்ணை இணையத்தில் தேடுங்கள். வேறு அணியின் சட்டையோ கால்சட்டையோ வந்தால் போலி. மைதானப் புல்துண்டு வாங்கும் ஆசை இருந்தால் ஒன்று: மண்ணை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்பாணை விடாது.

சுழற்கோப்பைகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பித்தளை மேலிருந்த வெள்ளிப் பூச்சு போய்விட்ட கோப்பைகள் எத்தனையோ. பட்டறையில் பஃப் சக்கரத்தில் பிடித்தால் பளபளக்கும், கூடவே வெட்டிய பெயரும் ஆண்டும் தேய்ந்து போகும். கோப்பையின் விலையே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். பாலிஷுக்குப் போகும் முன் ஒவ்வொரு பெயரையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்துவிடுங்கள்.

நோட்டீஸை யாரும் ஆவணமாகவே நினைப்பதில்லை. "மாபெரும் மின்னொளி கால்பந்து தொடர் போட்டி" என்று தொடங்கும் ஒரு தாளில் நாள், இடம், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, அன்பளிப்பாளர் பெயர், அச்சக முகவரி எல்லாம் இருக்கும். முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய காசு எந்த ஆண்டு எந்தக் கோப்பைக்கு வந்தது என்பதுகூட அதில்தான் தெரியும். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: தேதி, யாருக்கும் யாருக்கும், என்ன முடிவு, தாள் யாரிடமிருந்து வந்தது. பால்பாயின்ட் மை ஊறும். பல நோட்டீஸ்களில் நாளும் மாதமும் இருக்கும், வருடம் இருக்காது. அதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். வால்போஸ்டர் ஸ்கேனரில் அடங்காது. 20க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தில் எடுங்கள்.

மைதானத்தையே எப்படிப் பத்திரப்படுத்துவது? இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ அணியின் பழைய மைதானமான எயர்சம் பார்க்கில்தான் 1966 உலகக் கோப்பையில் வடகொரியா இத்தாலியை 1-0 என வீழ்த்தியது. அந்த இடம் இன்று வீடுகள். ஆனால் பாக் டூ இக் கோலடித்த இடத்தை ஒரு வீட்டு முன்புறத்தில் வெண்கலத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். அதே வேலையை நாமும் செய்யலாம், செலவு அளவு டேப்புக்குத்தான். ஃபோன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், பெனால்டி புள்ளிக்கு அது உதவாது. அசையாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளிக் கட்டடத்தின் மூலை, மேல்நிலை நீர்த்தொட்டியின் கால். இரண்டுக்கும் இடையிலான தூரத்தை முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கார்னருக்கும் ஒவ்வொரு கோல் கம்பத்துக்கும் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் தூரம் எடுங்கள். அளக்கும் புள்ளியில் இரண்டு டேப்பும் 60 முதல் 120 டிகிரிக்குள் சந்திக்க வேண்டும். கோணம் குறுகினால் ஒரு விரற்கடைத் தவறு ஒரு முழமாகிவிடும். நூலிழை டேப் இழுத்தால் நீளும், அதனால் இரும்பு டேப். தொய்வில்லாமல் பிடிக்க இரண்டு பேர். விதிப்படி கோல் 7.32க்கு 2.44 மீட்டர், பெனால்டி 11 மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். எழுவர், ஐவர் ஆட்ட மைதானங்களில் சவுக்குக் கம்பம் எந்த அளவில் நின்றதோ அதுவே எழுதப்பட வேண்டியது. கூட்டம் எந்த மரத்தடியில் உட்காரும், மைக் செட் எங்கே, எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பக்கம் என்பதையும் அதே தாளில் குறியுங்கள். இடம் ஏற்கெனவே பிளாட் ஆகிவிட்டிருந்தால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தேய்ந்த கோல் வாய் வெளிறிய திட்டாகத் தெரியும்.

அறுத்த வயலில் ஆடும் ஊர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. சம்பா அறுப்புக்குப் பிறகு, உளுந்து தெளிக்காத வயலில்தான் கம்பம் நடுவார்கள். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவைக்கு ஏர் பூட்டினால் கோடும் குழியும் ஒன்றுமே மிஞ்சாது. அங்கெல்லாம் இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் காலை, கம்பத்தைப் பிடுங்குவதற்கு முன் டேப்போடு போய்விடுங்கள்.