அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள், அண்ணர்

சனிக்கிழமை, இங்கே ஜேர்மனியில் நம் விழாவில் நடந்ததை நான் விளக்கத் தேவையில்லை. மண்டபத்தில் இருந்தவர்கள் நேரில் கேட்டார்கள், மற்றவர்கள் காணொளியில் பார்த்துவிட்டார்கள். மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று இரவு ஒருவர் அந்த நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி, "அருமையான பேச்சு, கட்டாயம் கேளுங்கள்" என்று எனக்கே அனுப்பியிருந்தார். எனக்கே! அதன் பிறகு நித்திரை வரவில்லை.

அண்ணர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான். ஜேர்மன்காரன் ஹோல்ஸ்டைன் என்ற தன் குதிரை இனத்தை எழுநூறு ஆண்டுகளாக வேறு இரத்தம் கலக்காமல் காத்துவந்திருக்கிறானாம். அதனால்தான் அது ஒலிம்பிக்கில் வெல்கிறதாம். ஒரு குதிரைக்குக் கொடுக்கிற கவனத்தைக்கூட நாம் நம் பிள்ளைகளின் கலியாணத்தில் கொடுப்பதில்லையாம். கைதட்டல் வேறு.

கலியாணப் பேச்சைப் பிறகு பார்க்கிறேன். முதலில் குதிரை. ஏனென்றால் அண்ணர் கையில் எடுத்தது எனக்குத் தெரிந்த ஒரே விடயத்தை. வட ஜேர்மனியில், எல்ம்ஸ்ஹோர்னுக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் பதினொரு ஆண்டுகள் சாணம் அள்ளியவன் நான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

ஹோல்ஸ்டைன் குதிரை பழையது, அது உண்மை. அந்தச் சதுப்பு நிலத்தில் ஊட்டர்சன் மடத்தார் குதிரை வளர்த்ததற்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பதிவு இருக்கிறது. ஆனால் பழையது வேறு, கலக்காதது வேறு. இடையில் ஸ்பானியக் குதிரை வந்தது, நேப்பிள்ஸ் குதிரை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலிருந்து வண்டிக் குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் பேர்லிங்டன் டர்க். பெயரிலேயே துருக்கன் இருக்கிறான், அண்ணர்! களிமண் வயலில் கலப்பை இழுத்த, பீரங்கி வண்டி இழுத்த அந்தப் 'பழைய' ஹோல்ஸ்டைன் குதிரையே அப்படிச் சேர்ந்து வந்ததுதான்.

இன்று தடைதாண்டல் மைதானத்தில் நீங்கள் பார்க்கிற குதிரை அதுவும் இல்லை. போருக்குப் பிறகு டிராக்டர் வந்தது. வயலில் குதிரைக்கு வேலை போய்விட்டது. பெட்டைக் குதிரைகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. டிராவென்டாலில் இருந்த அரச குதிரைப் பண்ணையை 1960இல் மூடிவிட்டார்கள். தூய்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த இனம் அதோடு முடிந்திருக்கும். வளர்ப்பாளர்கள் என்ன செய்தார்கள்? வெளியே போய் இரத்தம் தேடினார்கள். ஆங்கிலப் பந்தயக் குதிரை லேடிகில்லர் வந்தது. கோட்டேஜ் சன் வந்தது. போலந்தில் பிறந்த ஆங்கில-அரபுக் கலப்பான ராம்ஸஸ் வந்தது. 1971இல் பிரான்சிலிருந்து கோர் டி லா பிரியேர் வந்தது. தனித்தனியாக ஒன்றிரண்டு குட்டி போட்டுவிட்டுப் போனவை அல்ல இவை. லேடிகில்லரின் மகன்தான் லாண்ட்கிராஃப். இன்று ஏறக்குறைய எந்த ஹோல்ஸ்டைன் குதிரையின் வம்சாவளித் தாளை விரித்தாலும் லேடிகில்லரோ அந்தப் பிரெஞ்சுக் குதிரையோ எங்காவது ஒரு மூலையில் நிற்கும், பெரும்பாலும் இரண்டுமே நிற்கும். 1992இல் பார்சலோனாவில் தனிநபர் தங்கம் வென்ற கிளாசிக் டச் அந்தப் பிரெஞ்சுக் குதிரையின் பேத்தி. நீங்கள் சொன்ன ஒலிம்பிக் வெற்றி இதுதான். வெளியிலிருந்து வந்தவனின் பேத்தி.

நான் வேலை செய்த பண்ணையின் கிழவருக்கு ஒரு பழக்கம். மாலையில் லாயத்தைக் கூட்டி முடித்ததும் சமையலறை மேசையில் தாளை விரிப்பார். எனக்கு ஜேர்மன் மொழி அரைகுறை. அவருக்குப் பொறுமை அதைவிட அரைகுறை. சில பெயர்களுக்குப் பின்னால் சின்னதாக இரண்டு எக்ஸ் அச்சடித்திருக்கும். ஆங்கிலப் பந்தயக் குதிரை என்பதற்கு அதுதான் அடையாளம். நகத்தில் மண் அப்பிய விரலை அந்த இரண்டு எக்ஸின் மேல் அழுத்தி, "தோள் இங்கிருந்து வந்தது" என்பார். இன்னொரு பெயருக்கு நகர்த்தி, "முதுகை வளைத்துத் தாண்டுவது இந்தப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து" என்பார். பிறகு தாளின் கீழ்ப்பக்கம், தாய்வழியைக் காட்டி, "பின்னங்கால் பலம் எங்களுடையது" என்பார். எங்களுடையது என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் மற்ற இரண்டையும் அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மறைக்கவும் முடியாது, அச்சடித்திருக்கிறதே!

இனி வரப்போகும் பின்னூட்டங்கள்.

"தாய்வழியைக் கவனமாகக் காத்தார்களே" என்பீர்கள். ஆம், காத்தார்கள். ஒவ்வொரு தாய்க் குடும்பத்துக்கும் எண் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கை நானும் மதிக்கிறேன். ஆனால் தாய்க்கு எண் கொடுத்துவிட்டுத் தகப்பனை இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் கொண்டுவந்தார்கள். இதற்குப் பெயர் கலக்காமல் காப்பதா?

"மீட்டியோர்?" இது நல்ல கேள்விதான். 1956இலும் 1960இலும் ஒலிம்பிக் தடைதாண்டலில் குழுத் தங்கம் வென்ற மீட்டியோர், இந்தப் பந்தயக் குதிரைகள் வருவதற்கு முன்பே பிறந்த கனத்த, பழைய வகைக் குதிரை. ஆனால் அந்தப் பழைய வகையும் கலப்புதான். அந்த யோர்க்ஷயர் கப்பலை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள்.

"டிராக்கேனர் என்ற இன்னொரு ஜேர்மன் குதிரை இனத்தின் பதிவேடு வெளிக் குதிரைகளுக்கு மூடியதுதானே?" மூடிய கதவில் இங்கிலாந்துக்கும் அரேபியாவுக்கும் தனி வாசல் வைத்திருக்கிறார்கள். அந்த ஆங்கிலப் பந்தயக் குதிரை மட்டும் எங்கிருந்து முளைத்தது? கிழக்கிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பொலிகுதிரைகளிடமிருந்து. அவற்றில் ஒன்று அலெப்போவிலிருந்து 1704இல் கப்பலேறியது. அதன் பேரப்பிள்ளைகளைத்தான் ஜேர்மன்காரர் இன்று 'முழு இரத்தம்' என்று அழைக்கிறார்கள்.

"வந்த குதிரை எல்லாம் நன்மை செய்ததா?" இல்லை. ஒன்றுக்கும் உதவாமல் போனவையும் உண்டு. உள்ளூர்க் குதிரைகளில் ஒன்றுக்கும் உதவாதவை இருக்கவில்லையா? சரி, விடுங்கள்.

குதிரை தெரிந்தவர்கள் ஹாலா என்ற குதிரையைச் சொல்லாமல் விட்டால் என்னை அடிப்பார்கள். அது ஹோல்ஸ்டைன் குதிரை இல்லை, எந்த இனத்திலும் சேராத ஒன்று. தகப்பன் வண்டியோட்டப் பந்தயக் குதிரை. தாய், போர்க்காலத்தில் பிரான்சிலிருந்து வந்துசேர்ந்த ஒரு குதிரை, அதன் வம்சாவளி யாருக்கும் தெரியாது. கையில் தாள் இல்லாமல் வந்தவள். 1956இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் குதிரைவீரர் விங்க்லர் தொடை இடுக்கில் காயப்பட்டு, வலியில் சேணத்தில் நிமிரக்கூட முடியாமல் இரண்டாம் சுற்றுக்குப் போனபோது, ஒரு தடையைக்கூடத் தட்டாமல் அவரைச் சுமந்து முடித்தது அவள் பெற்ற ஹாலாதான். மூன்று ஒலிம்பிக் தங்கம். அந்தப் பெயரை இனி வேறு எந்தக் குதிரைக்கும் வைக்கக் கூடாது என்று ஜேர்மனியில் முடிவு செய்துவிட்டார்கள்.

கையில் தாள் இல்லாமல்தான் நானும் 1988இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அண்ணரும் அப்படித்தான் வந்தார். அப்போது எங்கள் இரத்தத்தைப் பற்றி இங்கே சிலர் என்ன பேசினார்கள் என்பது அவருக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை என்று மூன்று பேர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். சொல்லத் தேவை என்ன? அந்த மண்டபத்தில் வெள்ளைக்கார மருமகன் இருக்கிற வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பேசத் தொடங்கியபோது என் மகள் இரண்டாம் வரிசையில் இருந்தாள், மடியில் பேத்தி. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் மகள் குனிந்து பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டினாள். அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினாள். கைதட்டல் ஓயும்வரை தலையை நிமிர்த்தவில்லை. பேத்தி மட்டும் எல்லோரும் தட்டுகிறார்கள் என்று தானும் தட்டினாள். சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கியிருக்காது. நடனம் ஆடுவதற்காக அந்தப் பிள்ளை எட்டு வாரம் ஒத்திகைக்குப் போனது. மழையிலும் பனியிலும் காரோட்டிக் கொண்டுபோய் விட்டவன் அந்த வெள்ளைக்கார மருமகன்தான். விழா முடிந்து கதிரை அடுக்கியவர்களிலும் அவன் இருந்தான். காணொளியில் அது இல்லை, அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்பார்கள். ஆம், கோபம்தான். குதிரையைப் பற்றிய கோபம் என்று தொடங்கினேன், அது எங்கே போய் நிற்கிறது என்று எனக்கும் தெரிகிறது.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். அந்த நான்கு நிமிடத்தைக் காணொளியிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வராவிட்டால், அடுத்த ஆண்டு நன்கொடைப் புத்தகத்துடன் என் வாசலுக்கு வருகிறபோது அண்ணரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பண்ணைக் கிழவர் எனக்குத் தந்த வம்சாவளித் தாள் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சமையலறை மேசையில் விரித்து வைக்கிறேன், எக்ஸ் எத்தனை என்று அண்ணர் உட்கார்ந்து எண்ணட்டும். தேநீர் என் மகள் போடுவாள்.