உலுருவில் மூடியது ஏறும் பாதையை மட்டும்தான்

“பழங்குடியினர் பேச்சைக் கேட்டு ஆஸ்திரேலிய அரசு உலுருவையே பூட்டிவிட்டது, இனி அங்கே சுற்றுலா அவ்வளவுதான்” என்று ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் பெரும்பாறையான உலுருவைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு. 2019 அக்டோபர் 26 முதல் தடை பாறைமேல் ஏறுவதற்கு மட்டுமே. அடிவாரத்தைச் சுற்றிவரும் சுமார் 10 கி.மீ. நடைபாதை திறந்தே இருக்கிறது. சில புனித இடங்களில் படம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முடிவெடுத்ததும் அரசல்ல, உலுரு அமைந்த தேசியப் பூங்காவின் வாரியம். அதன் 12 உறுப்பினர்களில் 8 பேர் அந்த மண்ணின் பழங்குடியினரான அனங்கு மக்கள். 1985இலேயே நிலம் அவர்கள் கைக்குத் திரும்பி, 99 ஆண்டுக் குத்தகையில் பூங்காவுக்கு விடப்பட்டது. பார்வையாளர்களில் ஏறுவோர் 20 சதவீதத்துக்குக் கீழே குறைந்தால் ஏறும் பாதையை மூடலாம் எனப் பூங்காவின் 2010 நிர்வாகத் திட்டத்திலேயே இருந்தது. 2017இல் அறிவித்து ஈராண்டு அவகாசமும் தந்தார்கள்.

பலரும் பேசாத ஒன்று: உச்சியில் கழிப்பறை கிடையாது. மேலே கழித்ததெல்லாம் மழையில் வழிந்து அடிவாரச் சுனைகளில்தான் கலந்தது.