முகத்துக்கு 63, காலுக்கு 20

அரசவை ஓவியர்கள் எல்லாரும் ஜால்ராக்கள், காசு வாங்கிக்கொண்டு ராஜாவை அழகாக்கிக் காட்டியவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். படத்தை ஒரு ஐந்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் படத்தையே எடுத்துக்கொள்வோம். அரசவை ஓவியர் இயசந்த் ரிகோ 1701இல் வரைந்தது. உயரம் மட்டும் 277 செ.மீ. தங்க லில்லிப் பூ போட்ட நீல அங்கி தரையில் புரள்கிறது. செங்கோலைத் தலைகீழாகப் பிடித்துக் கைத்தடி மாதிரி ஊன்றியிருக்கிறார். கிரீடம் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. அதைத் தலையில் வைத்துக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை என்கிற திமிர்!

இப்போது காலைப் பாருங்கள். அங்கி விலகி, வெள்ளைக் காலுறையும் சிவப்புக் குதி வைத்த காலணியுமாக, நாட்டியக்காரனின் கால்கள். லூயி வாலிபத்தில் பாலே நடனம் ஆடியவர்தான். ஆனால் வரையும்போது வயது 63. முகத்துக்கு வாருங்கள்: கன்னம் தளர்ந்து, பல் போன வாய் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. காலில் பொய் சொன்ன ரிகோ வாயில் சொல்லவில்லை. ஸ்பெயின் மன்னரான பேரனுக்கு அனுப்பத்தான் வரையச் சொன்னார் லூயி. பிடித்துப்போய்த் தானே வைத்துக்கொண்டார்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஆள் குட்டை. 1635 வாக்கில் அவருடைய அரசவை ஓவியர் வான் டைக் வரைந்த வேட்டைப் படத்தில் அது தெரியவே தெரியாது. நாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறோம். பக்கத்தில் குதிரை கழுத்தைத் தாழ்த்தி நிற்கிறது. கிரீடம் கிடையாது, ஒரு கைத்தடிதான். இடுப்பில் ஊன்றிய கையின் முழங்கை நம்மைத் தள்ளி நிறுத்துகிறது. கண்ணில் மட்டும் ஏதோ சோர்வு. 1649இல் அவர் தலை வெட்டப்பட்டது தெரிந்து பார்ப்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஓவியர் லூசியன் பிராய்ட் 2001இல் முடித்த இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் படம் நேர் எதிர். உயரம் 23.5 செ.மீ.தான். கிரீடத்துக்கு இடம் போதாமல் மேலே கித்தானை நீட்டினார். சில பத்திரிகைகள் திட்டித் தீர்த்தன. போனில் அந்தப் படத்தைத் திறந்து, கிரீடத்தை விரலால் மறைத்துப் பார்த்தேன். யாருக்கும் வளைந்து கொடுக்காத ஒரு பாட்டி அப்படியே இருந்தார். லூயியின் அங்கியை மறைக்க எனக்கு உள்ளங்கையே போதவில்லை.