மீட் த ஃபோக்கர்ஸ் படத்துக்கு அவ்ளோ கம்மி மார்க் போட்டது நியாயமே இல்ல

நேத்து ராத்திரி மறுபடி மீட் த ஃபோக்கர்ஸ்ன்ற ஹாலிவுட் காமெடி படத்த பாத்தேன், எத்தனாவது தடவைன்னு எனக்கே தெரியல. முடிச்சிட்டு, விமர்சனங்கள தொகுத்து மார்க் போடற ராட்டன் டொமேட்டோஸ் வெப்சைட்ல அதுக்கு என்ன மார்க்குன்னு போய் பாத்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். 2000ல வந்த முதல் படம் மீட் த பேரன்ட்ஸுக்கு 80 சதவீதத்துக்கு மேல. 2004 டிசம்பர்ல வந்த இந்த ரெண்டாவது படம் 40ஐ கூட தொடல. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் முதல் படத்துக்கு நாலுக்கு மூணு ஸ்டார் குடுத்தவரு, இதுக்கு ரெண்டோட நிறுத்திட்டாரு. அவர் எழுதினத நான் மதிச்சு படிக்கிறவ, ஆனா இந்த படத்துல அவரோட எனக்கு ஒத்துப் போகல.

பாக்காதவங்களுக்கு கதைய சொல்லிடறேன். கிரெக் சிகாகோல ஆஸ்பத்திரில ஆண் நர்ஸ், பென் ஸ்டில்லர். காதலி பாமோட அப்பா அம்மாவ பாத்து பொண்ணு கேக்கலாம்னு லாங் ஐலண்ட் போறான். மாமனார் ஜாக், ராபர்ட் டி நீரோ, சிஐஏல இருந்து ரிட்டயர் ஆனவரு, வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைய பொய் கண்டுபிடிக்கிற மெஷின்லயே உக்கார வச்சு கேள்வி கேக்குற ஆளு. கிரெக் தொட்டதெல்லாம் கெட்டுப் போகுது, ஷாம்பெயின் பாட்டில திறந்தா கார்க் பறந்து போய் மாமனாரோட அம்மா அஸ்தி இருக்கிற ஜாடிய உடைக்குது. முதல் படம் முழுக்க ஒரு மாப்பிள்ளை மாமியார் வீட்ல மாட்டிக்கிட்டு முழிக்கிற கதைதான். ரொம்ப நல்ல படம், அதுல சந்தேகமே இல்ல.

ரெண்டாவது படம் அது இல்லைங்க. இது சம்பந்திங்க படம். பொண்ணோட அப்பா அம்மா பையனோட அப்பா அம்மாவ முதல் தடவையா பாக்கப் போறாங்க, அவ்ளோதான் கதை. இங்கிலீஷ்ல சம்பந்திக்கு ஒரு வார்த்தையே கிடையாது, சொந்தம்னா எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு 'இன்லா' ஒட்டிக்குவாங்க, ஆனா என் அப்பாவுக்கும் என் மாமனாருக்கும் நடுவுல இருக்கிற உறவ என்னன்னு கூப்பிடறதுன்னு கேட்டா அவங்க கிட்ட பதில் இல்ல. நிறைய விமர்சகர்கள் இத "அதே கதை, அதே ஜோக்கு, பெரிய நடிகர்கள் மட்டும் கூட"ன்னு தள்ளிவிட்டதுக்கு இதுதான் காரணம்னு நான் நினைக்கிறேன். பேரே இல்லாத ஒரு உறவ படம் எடுத்தா அது எத பத்தின படம்னு எப்படி கண்ணுக்கு படும்?

கிரெக்கோட அப்பா பெர்னி, டஸ்டின் ஹாஃப்மன். அம்மா ராஸ், பார்பரா ஸ்ட்ரைசாண்ட். மயாமில கோகனட் குரோவ்ல இருக்காங்க. அப்பா வக்கீல் தொழில விட்டுட்டு வீட்ல இருந்து புள்ளைய வளத்தவரு, அம்மா வயசானவங்களுக்கு தாம்பத்தியம் பத்தி ஆலோசனை சொல்றவங்க. பாத்த உடனே கட்டிப் பிடிக்கிறது, எல்லாத்தையும் வாய்விட்டு பேசறது. எதுத்தாப்ல ஜாக், பேரக் குழந்தைய கூட டைம் டேபிள் போட்டு வளக்கிற ஆளு.

இதுல ஒரு சீன். பெர்னி வீட்டு சுவர்ல பையன் சின்ன வயசுல வாங்கின எல்லாத்தையும் மாட்டி வச்சிருக்காரு. ஜாக் கிட்டப் போய் பாக்குறாரு, ஒன்பதாவது இடம் வந்ததுக்கான ரிப்பன் தொங்குது. ஒன்பதாவது இடத்துக்கெல்லாம் ரிப்பன் குடுப்பாங்களான்னு ஜாக் கேக்குறாரு. பெர்னிக்கு அது நக்கல்னே உறைக்கல, பத்தாவது வரைக்கும் குடுப்பாங்கன்னு பெருமையா சொல்றாரு. எல்லாரும் சிரிக்கிற சீன்தான், எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தொண்டைய அடைக்கும். ஏன்னா எங்கப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ரெண்டாவது ரேங்க் எடுத்தா முதல் ரேங்க் யாருன்னு கேக்குறவரு. என் மாமனாரோ அவர் பையன் மூணாங்கிளாஸ்ல ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்த போட்டோவ ஃப்ரேம் போட்டு வச்சிருந்தாரு. நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி அவங்க வீட்டுக்கு போனப்போ எங்கப்பா அந்த போட்டோவ கண்ணாடிய கழட்டி துடைச்சு மாட்டிட்டு பாத்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. ஒண்ணும் சொல்லல. அந்த மௌனம் மொத்தமும் டி நீரோ மூஞ்சில இருக்கு, போய் பாருங்க.

அப்புறம் இந்த "பெரிய நடிகர்கள வீணடிச்சிட்டாங்க"ன்ற பேச்சு. டி நீரோ, ஹாஃப்மன், ஸ்ட்ரைசாண்ட் மூணு பேரும் ஆளுக்கு ரெண்டு ஆஸ்கர் வாங்கினவங்க, 6 ஆஸ்கர் ஒரே டைனிங் டேபிள்ல உக்காந்திருக்கு, இப்படி ஒரு படத்துலயான்னு கோபப்படறாங்க. ஸ்ட்ரைசாண்ட் 1996க்கு அப்புறம் எட்டு வருஷம் கழிச்சு நடிச்ச படம் வேற இது. ஆனா வீண்னு எத வச்சு சொல்றீங்க? டி நீரோ எத்தனையோ படத்துல ஒரு பார்வைலயே ஆள நடுங்க வச்சவரு, அந்த பயம் நமக்குள்ள ஏற்கனவே இருக்கிறதாலதான் ராஸ் அவர் முதுகுல ஏறி உக்காந்து மசாஜ் பண்றப்போ அவ்ளோ சிரிப்பு வருது, வேற யாராவது நடிச்சிருந்தா அது வெறும் முதுகு வலிதான். ஹாஃப்மன் 1979ல கிராமர் வெர்ஸஸ் கிராமர்ல பொண்டாட்டி விட்டுட்டுப் போனதும் புள்ளைய வளக்க தடுமாறி தடுமாறி கத்துக்கிற அப்பா, அதுக்குத்தான் முதல் ஆஸ்கரே. 25 வருஷம் கழிச்சு அதே மனுஷன் புள்ளைய வளத்ததுதான் என் வாழ்க்கைலயே பெரிய விஷயம்னு கூச்சமே இல்லாம நிக்கிற அப்பாவா வர்றாரு. இதுக்கு மேல பொருத்தமா யார போட முடியும்?

குறை இல்லாம இல்ல. கிரெக்கோட குடும்பப் பேரு ஃபோக்கர், இங்கிலீஷ் கெட்ட வார்த்தை மாதிரி கேக்கும், அத வச்சு ஒரே ஜோக்க திரும்பத் திரும்ப அடிச்சு, கடைசில படத்துக்கே அந்தப் பேர தலைப்பா வச்சிட்டாங்க. முதல் படத்தப்பவே சென்சார் ஆளுங்க இப்படி ஒரு பேரு நெஜமாவே இருக்கான்னு கேட்டு, அந்தப் பேர்ல இருக்கிறவங்க லிஸ்ட்ட காட்டின பிறகுதான் விட்டாங்க. கைக்குழந்தைய கெட்ட வார்த்தை பேச வைக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல. நாய், பூனை, டாய்லெட்டுன்னு போற காமெடியையும் பாதி வெட்டியிருக்கலாம். குடும்பத்த பத்தின படம்தான், ஆனா என் மாமனார பக்கத்துல வச்சிக்கிட்டு பாக்க முடியாது, இவ்ளோ நல்ல விஷயத்த வச்சிருக்கிற படத்த அவருக்கு போட்டுக் காட்ட முடியலையேன்னு எனக்கு உண்மையாவே வருத்தம்.

ஆனா எனக்கு நிஜமான கோபம் வேற இடத்துல. 2010ல மூணாவதா லிட்டில் ஃபோக்கர்ஸ் வந்துச்சு பாருங்க, அதுக்கு கிடைச்ச திட்டு முழுக்க நியாயம், 10 சதவீதத்த ஒட்டித்தான் மார்க், அதுவே அதிகம். டைரக்டர் ஜே ரோச் போய் பால் வைட்ஸ் வந்தாரு. ஹாஃப்மன் முதல்ல நடிக்கவே இல்ல, அப்புறம் கூப்பிட்டு சில சீன் எடுத்து ஒட்டினாங்க, அவரு ஸ்பெயின்ல ஃபிளமெங்கோ ஆட கத்துக்கிறாராம். சம்பந்திகள பிரிச்சு ஆளுக்கொரு ஊர்ல விட்டுட்டா அப்புறம் என்ன படம் மிச்சம் இருக்கு? டி நீரோவும் ஹார்வி கைட்டலும் டாக்ஸி டிரைவர் படத்துல சேந்து நடிச்சவங்க, அந்த கைட்டல கூட்டிட்டு வந்து ஒரு வீடு கட்டுற கான்ட்ராக்டரா கொஞ்ச நேரம் நிக்க வச்சு அனுப்பிட்டாங்க. இதுதான் வீணடிக்கிறது! மோசமான படங்களுக்கு குடுக்கிற ராஸி விருதுக்கு ஸ்ட்ரைசாண்ட் பேரு போனதும் இந்த படத்துக்குத்தான். இப்போ யார கேட்டாலும் "அந்த சீக்வலா, குப்பை"ன்னு ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே மூட்டையா கட்டி தூக்கி போடறாங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

கலெக்ஷன வச்சு நான் வாதாடல. ரெண்டாவது படம் உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல வாரினது உண்மைதான், முதல் படத்தோட 33 கோடிய விட ரொம்ப அதிகம், ஆனா மூணாவது குப்பையும் 31 கோடி வாரிச்சே. கிறிஸ்துமஸ் லீவுல குடும்பமா தியேட்டருக்கு போனா எது ஓடுதோ அத பாப்பாங்க. நான் சொல்றது மயாமி வீட்ல அந்த நாலு பெரியவங்க ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடற சீன்கள பத்தி மட்டும்தான். அதுல பொய்யே இல்ல. ரெண்டு வீடு ஒண்ணாகும்போது யாரோட பழக்கம் சரின்னு வர்ற சண்டை, நம்ம புள்ளைய இவங்க எப்படி வளத்திருப்பாங்களோன்ற பயம், கடைசில ஜாக்கும் பெர்னியும் லாக்கப்ல ஒண்ணா உக்காந்திருக்கும்போது மனசுல வர்ற இளக்கம், எல்லாமே எங்க வீட்ல நடந்தது, லாக்கப் மட்டும்தான் கிடையாது.

இப்போ நாலாவது பாகம் வருது, கிரெக்கோட பையன் கட்டிக்கப் போற பொண்ணா அரியானா கிராண்டே. அப்போ கிரெக் இந்த தடவை மாமனார். விமர்சனம் எதையும் படிக்காம முதல் வாரமே போய் பாக்கப் போறேன், ஜாக் எதிர்ல நடுங்கிக்கிட்டு நின்ன அந்தப் பையன், வீட்டுக்கு வர்ற மருமகள எப்படி உக்கார வச்சுப் பேசுறான்னு எனக்கு தெரிஞ்சாகணும்.