லேபலில் மட்டும் மருதமுனை

போன வெள்ளிக்கிழமை கிழக்கிலங்கையின் கல்முனையில் ஒரு கடையில் மாமாவுக்குச் சாறன் வாங்கினேன். ஓரத்தில் பொன்னிற எழுத்தில் ஒரு லேபல்: ‘அசல் மருதமுனை கைத்தறி’. மருதமுனை பக்கத்திலேயே இருக்கும் எங்கள் ஊர், நெசவுக்குப் பெயர்போனது. விலை 1,450 ரூபாய். கடையில் நின்ற தம்பி சத்தியம் செய்யாத குறை. “காக்கா, நம்முடைய ஊர்ச் சாமான். தோய்க்கத் தோய்க்க மெதுவாகும்” என்றான்.

மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. முப்பது வருடம் தறியில் இருந்தவர். சாறனை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு முழ நீளம் மெல்ல இழுத்தார். பிறகு மடியில் போட்டுவிட்டார்.

“இது மெஷின் துணி, மருமகன்.”

“எப்படிச் சொல்கிறீர்கள்?”

“கையால் நெய்கிறவனுக்குக் களைப்பு வரும். காலையில் அடித்த அடியும் அஸருக்குப் பிறகு அடித்த அடியும் ஒன்றாக இராது. ஒரு இடத்தில் நூல் இறுகும், ஒரு இடத்தில் இளகும். இதில் யாரும் களைக்கவில்லை.”

அன்றிரவு முழுக்க எனக்கு அதே யோசனை. விசைத்தறியில் நெய்த துணியை விற்பது குற்றம் இல்லை. அதை வாங்குவதும் குற்றம் இல்லை. ஆனால் எங்கோ நெய்த துணியை, எங்கள் ஊர்ப்பெயரை ஒட்டி, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், எங்களுக்கே விற்கிறார்கள். கேட்க ஆள் இல்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் இல்லை.

உலகமயமாக்கல் என்றதும் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ‘திறந்த பொருளாதாரம் வந்து எங்கள் தறியைத் தின்றுவிட்டது’ என்பது ஒரு கட்சி. ‘அது வந்திராவிட்டால் இன்னும் பாணுக்கு வரிசையில் நின்றிருப்போம்’ என்பது மற்றது. இரண்டு கட்சியோடும் நான் சண்டை பிடித்திருக்கிறேன். இருவரும், நாடு இறக்குமதிக்குக் கதவைத் திறந்த 1977-க்கு முன்னர் எங்கள் ஊர் ஏதோ மூடிய பெட்டிக்குள் இருந்ததுபோலப் பேசுகிறார்கள். 1602-இலேயே ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மிளகும் கறுவாவும் தேடி மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கியிருக்கிறான். தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதமுனைக் கைத்தறிக்குப் பருத்தி மருதமுனையில் விளைந்ததா? சாயம் இங்கே காய்ச்சியதா? எல்லாம் கப்பலில் வந்தவைதான். எங்களுடையது கை. அந்தக் கைக்குக் கிடைத்த பெயர்.

எழுபதுகளை நான் சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தவன். அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பிடித்திருந்த காலம். பாணுக்கு விடியப்புறமே வரிசை. ஆனால் எங்கள் தெருவில் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தறிச்சத்தம் தொடங்கிவிடும். நிலத்தில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து நெய்கிற குழித்தறி. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும், அச்சு வந்து ஓர் அடி அடிக்கும், நாடா திரும்பும். பத்து வீட்டுத் தறி ஒன்றாக அடித்தால் தெருவே ஒரு இயந்திரம் மாதிரி இருக்கும். உம்மா ராட்டையில் தார் சுற்றுவார்; நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள்தான் தார். சுற்றிய தாரைக் கூடையில் போட்டு மாமா வீட்டுக்குக் கொண்டுபோவது என் வேலை; ஒரு நடைக்கு ஐந்து சதம். நெடுக்கு நூலான பாவுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாசம் இன்றைக்கும் எங்கேயாவது அடித்தால் திரும்பிப் பார்க்கிறேன். கொழும்பு புறக்கோட்டையிலிருந்து முதலாளிமார் வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, தறியிலிருந்து அறுக்காத சாறனுக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்தச் செழிப்பைப் பற்றி இன்றைக்குப் பேசுகிற பலர் ஒன்றைச் சொல்வதில்லை. வெளித்துணி வர வழியில்லாத நாட்டில், எவன் நெய்தாலும் விற்கும். எங்கள் துணி நல்ல துணிதான். ஆனால் அது நல்லதா கெட்டதா என்று பார்த்து வாங்கும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை.

1977 ஜூலையில் ஜே.ஆர். ஜெயவர்தனா ஆட்சிக்கு வந்தார். நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டம் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. டொலருக்குப் பதினாறு ரூபாய் என்று ஆகியது. அடுத்த நோன்புப் பெருநாளைக்குக் கல்முனைக் கடைகளில் நைலெக்ஸ் என்ற செயற்கை இழைச் சேலை தொங்கியது. பளபளவென்று பூப்போட்டது. தோய்த்துக் காயப்போட்டால் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், இஸ்திரிக்கை வேண்டாம். முதலில் வாங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? உம்மாதான். தார் சுற்றிய காசில் வாங்கினார். மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ‘வெளிநாட்டுத் துணி எங்களை அழித்தது’ என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீலப்பூ நைலெக்ஸ் சேலைதான் ஞாபகம் வரும். எங்களுக்கும் அது பிடித்திருந்தது.

அதே கொள்கை இந்த நாட்டை உலகத்துக்கே துணி தைக்கிற நாடாகவும் ஆக்கியது. 1978-இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கியது. அதற்கு முன்பே, 1974-இல், பணக்கார நாடுகள் பல்லிழை ஒப்பந்தம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எந்த நாட்டிலிருந்து எத்தனை உடுப்பு வாங்குவது என்று கோட்டா வைத்திருந்தன. தங்கள் கோட்டா நிரம்பிப்போன ஹொங்கொங் முதலாளிமார், கோட்டா காலியாகக் கிடந்த நாடுகளைத் தேடி வந்தார்கள். இலங்கை அப்படிக் கிடந்த ஒரு நாடு. நெசவுத் திறமையைக் கேள்விப்பட்டு யாரும் இங்கே வரவில்லை. துணி வெளியிலிருந்து வந்தது, நூல் வந்தது, பொத்தான்கூட வந்தது. இங்கே தைத்தார்கள், திருப்பி அனுப்பினார்கள். ஆடை ஏற்றுமதி தேயிலையையே முந்தியது. இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தை 1992-இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கியபோது கிராமங்களுக்கும் தையல் வேலை போனது. பரம்பரை பரம்பரையாகத் துணியே தொழிலாக இருந்த ஊர், இத்தனை பெரிய துணி வியாபாரத்தில் ஓர் இழையாகக்கூட இல்லை. யுத்தம் ஒரு காரணம், சரி. ஆனால் நெசவாளி என்று ஒருவன் அந்தக் கணக்கில் முதலிலிருந்தே இல்லை.

எங்களுக்கு வேறொரு ஏற்றுமதி வாய்த்தது. ஆட்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-இல் வந்தது. என் ராத்தா (அக்கா) 1988-இல் குவைத் போனார். தறிக்குப் பாவு பிணைக்கத் தெரிந்த விரல்கள். அங்கே போய் யாரோ ஒருவரின் பிள்ளையைக் குளிப்பாட்டின. 1990 ஓகஸ்ட் 2-ஆம் திகதி சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. ராத்தா கட்டிய துணியோடு ஜோர்தான் எல்லைக்கு வந்து கூடாரத்தில் கிடந்து, பிறகுதான் ஊர் வந்து சேர்ந்தார். (அந்த ஓகஸ்டில் எங்கள் கிழக்கில் நடந்தவற்றை இந்தப் பதிவில் எழுதப்போவதில்லை. அதற்கு வேறு நாள் வேண்டும், வேறு நெஞ்சும் வேண்டும்.) மூன்று வருடம் கழித்து மறுபடியும் போனார், இந்த முறை சவூதிக்கு. வாப்பாவின் ஓட்டுவீடு கல்வீடானது அந்தக் காசில்தான்.

இதைத் தனிவீட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2020-இல் வெளிநாட்டில் உழைப்பவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பியது 7.1 பில்லியன் டொலர். அந்த வருடத்து ஆடை ஏற்றுமதி வருமானம் அதைவிடக் குறைவு. 2022-இல் அது 3.8 பில்லியனாக விழுந்தது. டொலருக்கு வங்கி ஒரு விலையும், வங்கிக்கு வெளியே காசு கைமாற்றும் உண்டியல்காரன் ஒரு விலையும் சொன்ன காலம்; சனம் உண்டியலில் போட்டது. அதே வருடம் ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்தது. கொழும்பில் இருக்கும் பொருளாதார நிபுணர்கள் தொலைக்காட்சியில் ‘அந்நியச் செலாவணி’ என்று சொல்லும்போது அதை ஏதோ துறைமுகத்தில் சுரக்கும் திரவம்போலச் சொல்கிறார்கள். என் ராத்தாவின் முழங்கால் வலி அதற்குள் இருக்கிறது.

அந்தக் காசு எங்கள் ஊர்களை என்ன செய்தது என்று பார்க்க, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு ஒரு முறை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து வந்தால் போதும். காத்தான்குடியில் நடுவீதியில் வரிசையாகப் பேரீச்சை மரங்கள். கேலி செய்கிறவர்கள் செய்யட்டும், அவை காய்க்கவும் செய்கின்றன. களுவாஞ்சிக்குடியில், கல்முனையில், நகைக்கடைக்குப் பக்கத்தில் வங்கி, வங்கிக்குப் பக்கத்தில் காசு மாற்றும் கடை, அதற்குப் பக்கத்தில் வெளிநாட்டு வேலை முகவர். வீதிக்கு வீதி இரண்டாம் தட்டுக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். அடுத்த விசா கிடைத்தால் மேலே எழும்பும். ஒரு நகரம் எதை உற்பத்தி செய்கிறது என்று அதன் கடைத்தெருவில் தெரியும் என்பார்கள். எங்கள் கடைத்தெருவில் விற்பனைக்கு எல்லாம் இருக்கிறது.

உடுப்பும் மாறியது. உம்மாவின் காலத்தில் சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போடுவதுதான் பர்தா. இன்றைக்கு அபாயா. இதில் மார்க்க விவாதத்துக்கு நான் வரவில்லை. என் மகளே விரும்பித்தான் உடுக்கிறாள், அது அவளுடைய விஷயம். நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளையாக எனக்கு உறுத்துவது வேறு. உம்மாவின் பழைய சேலை நான்கு வீடு தள்ளி நெய்தது. யார் நெய்தார் என்றுகூடச் சொல்வார். மகளின் அபாயாவில் எங்கள் ஊர்க் கை பட்ட ஒரே இடம், கடைக்காரர் பையில் போட்டுக் கொடுத்த இடம்தான். ஒரு ஊரே வருடம் முழுவதும் உடுக்கிற உடுப்பு. அதற்கான துணியை நெய்ய இந்த ஊரில் யாரும் யோசிக்கவில்லையே! தறி சாறனோடும் சேலையோடும் நின்றுவிட்டது. திறந்த சந்தையைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26 எங்கள் கரையை என்ன செய்தது என்று தெரியும். கடற்கரைப் பக்கத்துத் தறிகள் வீட்டோடு போயின. ஆறு நாள் கழித்து, 2005 ஜனவரி 1-ஆம் திகதி, அந்தப் பழைய ஆடைக் கோட்டா முறை உலகம் முழுவதும் முடிவுக்கு வந்தது. நாங்கள் சடலம் தேடிக்கொண்டிருந்தோம். எங்களில் யாருக்கும் அது காதில் விழவில்லை. பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்தன. தறி கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். நெய்ததை எங்கே விற்பது என்று கேட்டால் அடுத்த செயலமர்வில் பேசுவோம் என்றார்கள். எங்கள் தெருவுக்கு வந்த மூன்று தறியில் ஒன்று கோழிக்கூட்டுக்குச் சட்டமானது.

இனி அந்த லேபலுக்கு வருகிறேன். 2022-இல், நாடு வங்குரோத்தாகிக்கொண்டிருந்த அதே வருடத்தில், இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு கொடுத்தது. இனி வேறெங்கோ விளைந்த பட்டையை ‘சிலோன் கறுவா’ என்று அங்கே விற்க முடியாது. மரம் என்னவோ பழைய மரம்தான், பெயருக்கு வேலி போட்டார்கள். உலகச் சந்தையில் இன்றைக்குக் காசு அந்த வேலிக்குள்தான் இருக்கிறது. துணியை எவனும் மலிவாக நெய்வான், எங்களைவிட வேகமாகவும் நெய்வான். ‘மருதமுனை’ என்ற சொல்லை மட்டும் அவனால் நெய்ய முடியாது. எடுத்து ஒட்டத்தான் முடியும். நாங்கள் ஒட்ட விடுகிறோம்.

கல்முனையில் பிரதேச செயலகம் யாருக்கு என்று தெருவில் இறங்க எங்களுக்குத் தெரியும். தமிழருக்கும் தெரியும், முஸ்லிம்களுக்கும் தெரியும். ஊர்ப்பெயர் யாருக்கு என்று ஒரு விண்ணப்பம் எழுத எங்களுக்குத் தெரியவில்லை. மிச்சமிருக்கிற நெசவாளர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, இன்ன நூல், இன்ன தறி, இன்ன ஊர் எல்லை, இதற்குள் நெய்தால்தான் இந்தப் பெயர் என்று ஒரு தாளில் எழுத முடியாதா? சட்டத்தரணிகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா?

இதனால் தறிச்சத்தம் திரும்பத் தெருவெல்லாம் கேட்கும் என்று நான் கனவு காணவில்லை. என் மகன் கட்டாரில் இருக்கிறான். குழிக்குள் காலை விட்டு உட்கார அவன் வரமாட்டான், நானும் வரச் சொல்லமாட்டேன். இருபது தறி, முப்பது தறி, நெய்கிற பெண்ணுக்கு வெளிநாடு போகாமல் இருக்கக் கூடிய கூலி. எனக்கு அவ்வளவு போதும்.

மாமா வீட்டு முன் மண்டபத்தில்தான் முன்பு தறி இருந்தது. மச்சான் அனுப்பிய காசில் குழிக்கு மண் போட்டு மூடி டைல்ஸ் பதித்தார்கள். அந்த இடம் மட்டும் கொஞ்சம் இறங்கி, இரண்டு டைல்ஸ் வெடித்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் மாபிள் உருட்டினால் எங்கே உருட்டினாலும் அங்கே போய்த்தான் நிற்கும். இரண்டு முறை மேசனைக் கூட்டிவந்து சரிசெய்தும் மறுபடி இறங்கிவிட்டது என்று மாமி சலித்துக்கொண்டார்.

சாறனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரவா என்று மாமாவிடம் கேட்டேன்.

“எதற்கு? காசு கொடுத்துவிட்டாய். துணி பரவாயில்லை, உடுப்பேன்” என்றார். பிறகு மாமியைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். “அந்த லேபலை மட்டும் வெட்டித் தா.”